குறைச்சுக்கோ முதலாளி சொறியாதிருந்த மாலை

மனிதத் தோலுக்கு விலையே கிடையாது என்று சொல்பவர்கள் கடைத்தெருவில் ஒரு நாள்கூட உட்கார்ந்தறியாதவர்கள். விலை உண்டு. தோள்பட்டை முதல் விரல்நுனி வரை, இரண்டு கைகளுக்கும் சேர்த்து, ஒரு ஜோடித் தடித்த கையுறையின் விலை. அதுவும் பேசிக் குறைத்த விலை. அந்த விலைக்குத் தன் தோலைத் தாரை வார்த்த மாவீரரின் வரலாற்றை இனி உரைப்போம். கேட்போர் கைகளை இறுகக் கட்டிக்கொண்டு கேட்பார்களாக. பாதிக் கதையிலேயே அவர்களுக்கும் எங்கேயாவது அரிக்கத் தொடங்கிவிடும்.

வாழ்க பாத்திரக்கடை முதலாளி. அடுக்கடுக்காய் ஒளிவீசும் எவர்சில்வர் அண்டாக்களின் அதிபதி வாழ்க. தட்டிய ஓசையிலேயே தகட்டின் கனம் சொல்லும் கூர்ஞ்செவியர் வாழ்க. மொத்த வியாபாரிகளின் கூட்டத்தை 'குறைச்சுக்கோ' என்னும் ஒற்றைச்சொல் வேலால் ஊடறுத்துச் சென்ற அஞ்சா நெஞ்சர் வாழ்க. அந்தச் சொல்லையே கடைத்தெரு அவருக்குப் பட்டப்பெயராகச் சூட்டியிருந்தது. பல் பிடுங்கப் போன இடத்தில், ஒரு பல்லுக்குச் சொன்ன கூலிக்கு இரண்டைப் பிடுங்கவைத்து வென்று வந்தவர் அவர். இரண்டாவது நல்ல பல் என்பது வேறு விஷயம்.

இத்தகைய பெருமகனார் ஒருநாள் செடிப் பண்ணை ஒன்றில் வெண்சாமரப் புல்லைக் கண்டார். கண்டதும் தன்னை இழந்தார். ஆளுயரத்துக்கு எழுந்து, அரசர்க்கு வீசும் கவரியென வெள்ளிக் கதிர்களை அசைத்து, காற்று வரும்போதெல்லாம் தலைவணங்கும் அந்தப் புல், வாழ்நாளெல்லாம் தலைவணங்காத வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டிய அவர் நெஞ்சை ஒரே அசைவில் வாங்கிவிட்டது. பண்ணைக்காரர் பன்னிரண்டு கன்றுகளை எடுத்துவைத்து, கூடவே ஒரு ஜோடிக் கையுறையையும் வைத்தார்.

"முதலாளி, இதோட இலை ஓரம் ரம்பம் மாதிரி. தொட்டா அறுக்கும், அப்புறம் அரிக்கும். கையுறை சும்மாதான் தர்றேன், போட்டுக்கிட்டுத் தொடுங்க."

சும்மா என்ற சொல் வணிகர் குலத்துச் செவியில் எப்படி விழும் என்பது அந்த அப்பாவிக்குத் தெரியவில்லை. சும்மா தருகிற பொருளின் விலையை வேறொரு பொருளுக்குள் ஒளித்துவைப்பது முதலாளி கடையில் தினமும் தானே செய்கிற காரியம். ஆகவே அவர் கையுறையை ஒரு விரலால் தள்ளிவிட்டு, இதை நீயே வைத்துக்கொள், இதற்கு உண்டானதைக் கன்று விலையில் குறைச்சுக்கோ என்றார். பண்ணைக்காரர் குறைத்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்போது தோன்றிய சிரிப்பை, தோற்றவன் சிரிப்பு என்று முதலாளி தீர்மானித்தார்.

புல் வளர்ந்தது. வீட்டு முற்றத்தில் வெயில் நாளெல்லாம் நிற்கும் ஒரே மூலை அதுதான். அந்த மூலையை அது முழுதாக ஆண்டது. அங்கேதான் போர் மூண்டது.

முதலாளியின் மனைவி தையற்கடை நடத்துபவர். வீட்டின் பின்னறையில் இரண்டு மெஷின்கள், ஒரு நீள மேசை, ஓயாத வேலை. புதுத்துணியை வெட்டுமுன் நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையிலேயே சட்டை சுருங்கி, அதைத் தைத்தவர் பெயரும் சேர்ந்து சுருங்கும். வெயில் மூலையைப் புல் பிடித்துக்கொண்டதால் அவருடைய துணிகள் நாற்காலி முதுகிலும் கதவு மேலும் சைக்கிள் கைப்பிடியிலும் தொங்கி, அரைகுறையாய்க் காய்ந்து, புளித்த வாடை வீசின. ஒரு வாடிக்கைக்காரி அந்த வாடைக்காகவே வேறு கடைக்குப் போய்விட்டாள். புல்லை எடுத்துவிட்டு வெயில் மூலையில் ஒரு துணிக்கொடி கட்ட வேண்டும் என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தார். முதலாளி கேளாமலே இருந்தார்.

ஆண்டுக்கொரு முறை அந்தப் புல்லின் காய்ந்த இலைகளை வெட்டி, உள்ளே சிக்கியதைக் கையால் கோதி எடுக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி முண்டா பனியனோடு கத்தரி ஏந்திப் புறப்பட்டபோது, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளும்படி மனைவி சொன்னார். புல்லுக்குப் பயந்து சட்டை போடுவதா என்று முதலாளி முழங்கினார். அங்கேயே, வாசற்படியிலேயே, ஒப்பந்தம் பிறந்தது.

"அரிச்சா புல்லு போகணும், கொடி வரணும்" என்றார் தையற்காரம்மா. "ராத்திரி படுக்கிற வரைக்கும் ஒரு தடவைகூடச் சொறியக் கூடாது. ரொம்ப முடியலைன்னா மருந்து போட்டுக்கலாம், அது கணக்குல வராது. ஜெயிச்சுட்டீங்கன்னா கொடிப் பேச்சை நான் இனி எடுக்கவே மாட்டேன்."

நியாயமான நிபந்தனை. வேறு யாராயிருந்தாலும் அப்படியே ஒப்புக்கொண்டிருப்பார்கள். ஆனால் சொன்ன விலைக்கு வாங்கினால் முதலாளிக்கு அன்று சோறு இறங்காது. இரவு படுக்கும்வரை என்பது அதிகம், குறைச்சுக்கோ என்றார். சாயங்காலம் டீ குடிக்க வரும் உன் தம்பி எழுந்து போகும்வரை என்று வைத்துக்கொள், அவன்தான் நடுவனும். அதற்கு ஈடாக மருந்துச் சலுகையை நான் விட்டுக்கொடுக்கிறேன், எப்படியும் அரிக்கப் போவதில்லை. தையற்காரம்மா சற்று யோசிப்பதுபோல் நின்று, சரி என்றார். அரை இரவை மிச்சம் பிடித்த களிப்பில் முதலாளி களம் புகுந்தார்.

என்னவென்று சொல்வது அந்தப் பேரழிவை! கரும்புக் காட்டில் மதயானை புகுந்ததென, கதிர்கள் சரிய, சருகுகள் பறக்க, இடக்கையால் குடுமி பற்றி வலக்கையால் கொய்து, புதர் புதராக வீழ்த்திப் பொன்னிறப் பிணக்குவியல் எழுப்பினார் குறைச்சுக்கோ கோமான். புல்லோ புறமுதுகு காட்டவில்லை. ஒவ்வோர் இலையும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் பற்களை அவர் முழங்கைக்குள் பதித்துவிட்டே வீழ்ந்தது. கதிர்த்தூள் கழுத்துவழி இறங்கிப் பனியனுக்குள் பாசறை அமைத்தது. கடைசிப் புதரையும் கோதி முடித்து நிமிர்ந்தபோது வெற்றி யாருடையது என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை. குளித்துவிட்டு வந்தபோது கொஞ்சம் இருந்தது. வெந்நீர் உள்ளே புதைந்திருந்த பகைவர்களை எல்லாம் எழுப்பி விட்டிருந்தது.

முதலில் இடது மணிக்கட்டில் ஒரு ஒற்றன். அவன் பின்னே முன்கையெங்கும் செந்நிறக் கோடுகளாய்க் காலாட்படை. பிடரியில் குதிரைப்படை. இடுப்பில், வேட்டி முடிச்சின் கீழே, எவரும் எதிர்பாரா இடத்தில் யானைப்படை. உள்ளங்கைகளைத் தொடைமேல் அழுத்தி, எதிர்ச்சுவரில் ஓர் ஆணியைப் பார்த்தபடி, சிலையென வீற்றிருந்தார் நம் தலைவர். நகத்துக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்தான். அந்த ஒரு சாணில் வெண்சாமரப் புல்லின் வாழ்வு தொங்கியது.

தம்பி வந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர், வழக்கமாக டீயை நின்றபடி குடித்துவிட்டு ஓடுகிறவர். மாமாவின் கைகளை ஒரு பார்வை பார்த்தார், அக்காவின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார், நிபந்தனையைக் கேட்டார், சட்டைப்பையிலிருந்து ஒரு களிம்புக் குழாயை எடுத்து மேசைமேல் வைத்தார். மருந்து ஒப்பந்தத்தில் இல்லை என்று அக்கா நினைவூட்டினார். அடடா என்று தம்பி வருந்தினார். ஆனால் குழாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அது அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில், நிலவென ஒளிர்ந்துகொண்டிருந்தது.

டீ தீர்ந்தது. தம்பி எழுந்தார். முதலாளியின் உள்ளத்தில் முரசம் அதிர்ந்தது.

"இருடா, அதுக்குள்ள என்ன" என்றார் அக்கா. "மெஷின் தையல் விட்டு விட்டு விழுது, கொஞ்சம் பாரு."

அந்தக் கணத்தில்தான் முதலாளிக்கு வாசற்படி ஒப்பந்தத்தின் முழு அழகும் விளங்கிற்று. இரவு படுக்கும் நேரம் கடிகாரத்தின் கையில் இருந்தது. அதை அங்கிருந்து வாங்கி, அவரே, தன் வாயாலேயே, பெண்டாட்டி கையில் கொடுத்திருக்கிறார். அவள் விடுகிறபோதுதான் தம்பி போவான்.

மெஷின் பார்க்கப்பட்டது, ஒரு குறையும் இல்லை. இரண்டாவது டீ வந்தது. இடையில் முதலாளி எதேச்சையாக எழுந்து, எதேச்சையாகக் கதவுநிலையில் முதுகைச் சாய்த்தார். சாய்ந்தவர் மெல்ல மேலே போனார். மெல்லக் கீழே வந்தார். தேவர்களும் அறியாத இன்பம் அது. வழக்கு உடனே நடுவர்முன் வைக்கப்பட்டது.

"சொறியறதுன்னா நகம் படணும்" என்று முதலாளி வாதிட்டார். "நான் சாஞ்சு நிக்கிறேன்."

தம்பி நெடுநேரம் ஆராய்ந்து தீர்ப்பு வழங்கினார். "சாயறது தப்பில்ல மாமா. ஆனா சாஞ்சவங்க ஒரே இடத்துல நிக்கணும்."

பிறகு எழுந்தது அந்தம்மாளின் பேராயுதம். கழுத்தில் மாலையெனக் கிடந்த அளவு நாடாவைக் கழற்றினார். ரொம்ப நாளாயிற்று, ஒரு சட்டைக்கு அளவு எடுக்க வேண்டும், நில்லுங்கள் என்றார். மறுத்தால் அரிப்பது வெளிச்சமாகிவிடும், முதலாளி நின்றார். நாடா பிடரியைத் தொட்டது. தோளிலிருந்து தோளுக்கு ஊர்ந்தது. முழங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, மணிக்கட்டு வரை, இலைப்பற்கள் பதிந்த ஒவ்வொரு கோட்டையும் குசலம் விசாரித்துக்கொண்டே இறங்கியது. அதன் பித்தளை முனை முதுகுத்தண்டின் வழியே சொட்டுச் சொட்டாய் வழிந்தது. எழுதிக்கொண்ட அளவு சரியா என்று அந்தம்மாளுக்குச் சந்தேகம், மறுபடி எடுத்தார். காது சிவந்து, மூச்சு முட்டி, கால் விரல்கள் பத்தும் தரையைக் கவ்வ, பூமியைத் தாங்கும் தூணென நின்றார் அண்டாக்களின் அதிபதி. கண்களில் மட்டும் நீர் நின்றது. அளவு எடுக்கும்போது எனக்குச் சட்டை வாங்கித் தந்த அம்மா நினைவு வருகிறது என்றார். யாரும் நம்பவில்லை.

அப்போது தையற்காரம்மா நாடாவை விரலில் சுற்றியபடி, கருணையே வடிவாய்ச் சமாதானம் பேசினார்.

"பாதி இடம் குடுங்க. ஆறு புதர் இருக்கட்டும், ஆறு போகட்டும். இப்பவே தம்பி மருந்து போட்டு விடுவான்."

பாதி. வெள்ளிக் கதிர் அசைய ஆறு புதர். அதோ மேசைமேல் குளிர்ந்த களிம்பு. உடம்பிலிருந்த ஒவ்வோர் அணுவும் ஒப்புக்கொள் என்று கதறியது. ஆனால் முப்பது வருடக் கல்லாப்பெட்டி வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"கால்வாசி. குறைச்சுக்கோ."

"முக்கால்" என்றார் தையற்காரம்மா.

முதலாளி திகைத்தார். அவருடைய வணிக வாழ்வில் எதிர்விலை கேட்டபிறகு ஏறிய சரக்கை அவர் கண்டதில்லை. நடுவர் பக்கம் திரும்பினார்.

"மச்சான், உங்கக்கா ஏத்தறா."

"ஆமா மாமா, ஏத்தறாங்க" என்றார் தம்பி, மூன்றாவது டீயை ஆற்றியபடி.

"சரி விடு. நீ முதல்ல சொன்ன பாதியே இருக்கட்டும்."

"அது முதல்ல சொன்னது. இப்ப முழுசும்."

"இது என்ன வியாபாரம்?"

"வாங்கறவங்க அவசரத்தைப் பார்த்து விலை சொல்றது" என்றார் அந்தம்மாள். "உங்க கடையில உக்காந்து பார்த்துக் கத்துக்கிட்டது."

அண்ட சராசரங்களும் ஒரு நொடி அசைவற்று நின்றன. பின்னறையில் ஈரத்துணியிலிருந்து ஒரு சொட்டு நீர் தரையில் விழும் ஓசை கேட்டது. ஆணியிலிருந்து பார்வையை எடுத்தார் முதலாளி. ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தார். வெட்டுண்டு குட்டையாய் நின்ற பன்னிரண்டு புதர்களைப் பார்த்தார். மனைவியின் கையில், சாயம் ஏறிச் சுருங்கிய விரல்களில் சுற்றியிருந்த நாடாவைப் பார்த்தார். பிறகு, கோட்டையின் சாவியைக் கையளிக்கும் மன்னர்போல் கழுத்தை நிமிர்த்தி, முழுவதும் எடுத்துக்கொள் என்று பிரகடனம் செய்தார். வாழ்நாளில் முதல்முறையாக, சொன்ன விலைக்கே வாங்கினார்.

அதன்பின் நிகழ்ந்ததைப் பாட நாவு ஆயிரம் வேண்டும். அணை உடைந்த பெருவெள்ளமென, கட்டறுத்த பத்துப் புரவிகளென, பத்து நகங்களும் பாய்ந்தன. முன்கை உழப்பட்டது, பிடரி உழப்பட்டது, கைக்கெட்டாத முதுகின் நடுப்பகுதியைத் தையற்காரம்மா மர அளவுகோலால் உழுதார். ஐம்புலனும் ஒடுங்கி, வாய் பிளந்து, கண் செருகி, இம்மை மறுமை இரண்டும் மறந்து, முனிவர்க்கும் எளிதில் கிட்டாப் பெருநிலையில், ஆ என்றொரு நெடுமூச்சு அந்த மாவீரரின் திருவாயினின்று எழுந்து, கூரையைக் கடந்து, வானளாவிச் சென்று, ஆங்கே நிலைபெற்றது.

மறுநாள் முற்றத்தில், புல் இருந்த வெயில் மூலையில் கம்பம் இரண்டு நட்டாயிற்று, கயிறு கட்டியாயிற்று, கொக்கிதான் இன்னும் ஒன்று பாக்கி.