சேவிக்க விழுந்தவன் எழுந்திருக்கவில்லை

மெடிக்கல் ரெப்பாக இருந்தவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. மருந்தைத் தயாரித்தது கம்பெனி, நாம் பையில் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் என்பது கொஞ்ச நாளில் மறந்துபோகும். நாமே கண்டுபிடித்த மாதிரி பேச ஆரம்பித்துவிடுவோம். எண்பதுகளில், திருச்சியில், எனக்கு அந்த வியாதி முற்றியிருந்தது.

அப்போது நான் விற்றது பிரஷருக்கு வந்திருந்த புது கேப்ஸ்யூல். நம் தசைச் செல்களின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் இருக்கின்றன. அவற்றின் வழியாகக் கால்சியம் உள்ளே போனால் தசை இறுகும். ரத்தக் குழாயின் சுவரிலும் தசை இருக்கிறது. அது இறுகினால் குழாய் சுருங்கி பிரஷர் ஏறும். எங்கள் மருந்து அந்த வாசலைச் சாத்திவிடும். குழாய் தளரும், பிரஷர் இறங்கும். விஷயம் இவ்வளவுதான். இதை நான் டை கட்டிக்கொண்டு, கலர் படத்தை விரித்துவைத்து, எதிரே இருப்பவர் கொட்டாவி விடும்வரை பேசுவேன். (ஒருமுறை படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே பேசி முடித்தேன். அந்த டாக்டர் கடைசிவரை தலையாட்டினார், புண்ணியவான்.)

ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரிய டாக்டர் இருந்தார். அவர் ஒரு மருந்தை எழுத ஆரம்பித்தால்தான் திருவானைக்காவலிலும் சமயபுரத்திலும் மற்றவர்கள் எழுதுவார்கள். அவரோ என் பேச்சைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதை நீ வாயில போட்டுண்டு பாத்திருக்கியோ?"

"இல்ல சார்."

"போட்டுண்டு பாத்துட்டு வா. அப்புறம் பேசலாம்."

அவர் என்னைத் துரத்துவதற்காகச் சொன்னது அது. நான் அதைப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டேன். அதே வாரம் மெட்ராஸிலிருந்து மேனேஜர் பேசினார். "அந்த டாக்டர் எழுதலைன்னா உனக்கு வேலை நிரந்தரம் ஆகாதுப்பா. அவருக்கு அறுபதாம் கல்யாணமாமே, நானும் வரேன். அங்கேயே பேசி முடிச்சிரு."

அறுபதாம் கல்யாணத்தன்று திருச்சியின் ரெப்புகள் அத்தனை பேரும் பூச்செண்டோடு ஸ்ரீரங்கத்தில் ஆஜர். டாக்டர் மேல் அவ்வளவு அன்பு. சாப்பாட்டுக்கு முன் ஆசீர்வாதம் என்றார்கள். உத்தர வீதி முனையில், மேனேஜர் பார்க்காத நேரத்தில், நான் ஒரு கேப்ஸ்யூலை வாயில் போட்டுக் கடித்தேன். அப்படிச் செய்தால் சீக்கிரம் வேலை செய்யும் என்று எங்கள் கலர் படத்திலேயே போட்டிருந்தது. எனக்கு பிரஷர் கிடையாது, காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை, உள்ளே ஹோமப் புகை என்பதெல்லாம் அந்தப் படத்தில் இல்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே முகம் தகதகவென்று எரிந்தது. டாக்டரின் மனைவி என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளை மூஞ்சியில என்ன ஒரு களை" என்றார். நெஞ்சு வேறு தவில் வாசித்தது. எங்கள் வீட்டில் ஒருமுறை விழுந்து கும்பிட்டால் முடிந்தது. அங்கே முன்னால் போனவர்கள் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தார்கள். நானும் விழுந்தேன். எழுந்தேன். பந்தல், மாலை, டாக்டர் எல்லாம் கறுப்பாகப் போயின. மறுபடி விழுந்தேன். இந்த முறை நானாக விழவில்லை.

படுத்திருந்தால் சுகமாக இருந்தது. தலையைத் தூக்கினால் இருட்டியது. ஆகவே தூக்கவில்லை.

யாரோ ஒரு மாமா தழுதழுத்த குரலில், "இந்தக் காலத்துல இப்படி ஒரு விநயமா" என்றார். ஓரக்கண்ணில் தெரிந்த மேனேஜரின் முகத்தில் என் வேலை நிரந்தரமாகிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் தொப்பென்று ஒரு சத்தம். போட்டிக் கம்பெனி அல்போன்ஸ், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன், எனக்குச் சமமாகக் குப்புற விழுந்திருந்தான்.

"டேய், போதும் எந்திரி. ஓவரா பண்ணாத" என்று என் காதில் சீறினான்.

"முடியலடா."

"நீ எந்திரிக்காம நான் எந்திரிக்க மாட்டேன். எனக்கும் டார்கெட் இருக்கு."

அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த டாக்டருக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. மாலையோடு குனிந்து என் நாடியைப் பிடித்தார்.

"என்னடா போட்டுண்டே?"

"நம்ம கேப்ஸ்யூல் சார்."

"எப்படி?"

"கடிச்சு சார்."

"கர்மம். திருப்பிப் போட்டுக் காலைத் தூக்குங்கோ."

மேனேஜர் ஒரு காலையும் அல்போன்ஸ் ஒரு காலையும் பிடித்துத் தூக்கினார்கள். பிரஷர் இறங்கியவனுக்கு அதுதான் முதலுதவி. ஆனால் புரட்டிய அவசரத்தில் ஆளையே சுற்றிவிட்டதால் என் தலை வாசல் பக்கம் போயிருந்தது. தெருப் புழுதி அப்பிய என் இரண்டு உள்ளங்கால்களும் மணையில் இருந்த தம்பதிக்கு நேராக, ஹோமத்துக்கு மேலே, ஆசீர்வாதம் பண்ணுவது போல் நின்றன. விநயத்தைப் புகழ்ந்த மாமா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலை போயிற்று என்று நினைத்தேன்.

மோர் குடித்து நான் உட்கார்ந்ததும் டாக்டர் மேனேஜரிடம் சொன்னார்: "மருந்து நன்னாத்தான் கேக்கறது. ஆளுக்குத்தான் புத்தி இல்லை."

மறுவாரமே எழுத ஆரம்பித்தார், வேலையும் நிரந்தரமானது. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் மருந்தோடு என் கதையையும் சேர்த்துக் கொடுத்தார். "கடிக்காதே, சட்டுனு எழுந்திருக்காதே, இதைப் போட்டுண்டு யாரையும் சேவிக்காதே. ஒருத்தன் பண்ணி என் மூஞ்சிக்கு நேரா காலைத் தூக்கினான்." கதை காவிரிக்கு இரண்டு பக்கமும் மருந்தைவிட வேகமாக வேலை செய்தது.

அந்த நோயாளிகளில் ஒருவர், திருவானைக்காவலில் மளிகைக் கடை வைத்திருந்தவர், பிற்பாடு எனக்கு மாமனாரானார். தாலி கட்டி முடித்து நான் குனியப் போனபோது மொத்தக் குடும்பமும் பாய்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து பொங்கல், தீபாவளி எதற்கும் அந்த வீட்டில் எனக்கு நின்றபடிதான் ஆசீர்வாதம். என் மனைவி மட்டும் விழுந்து கும்பிடுவாள், நான் சுவர் ஓரமாக நிற்பேன், சின்னதுகள் சிரிக்கும்.

மாமனார் படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் எனக்கு மனசு கேட்கவில்லை. "இன்னைக்காவது உங்க கால்ல விழுந்து கும்பிடுறேன் மாமா" என்றேன். அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்க மாப்பிள்ளை. காலைத் தூக்கிப் பிடிக்க எனக்கு இப்ப தெம்பு இல்ல."