அனுமதி இல்லாத பூட்டு

"என் அனுமதி இல்லாம இந்த வீட்டுப் பேர்ல இனிமே ஒரு பூட்டு விழாது. விழுந்தா நான் வேலையை விட்டுடறேன்."

பூட்டு சார் இப்படிச் சபதம் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தையல் மிஷினுக்கு எதிரே நின்றுகொண்டு. மிஷினுக்குப் பின்னால் அவர் மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோத்து முடிக்கும் வரை தலையை நிமிர்த்தவில்லை. சபதம் போடுகிறவருக்கு இது பெரிய அவமானம். ஆனால் பூட்டு சார் பன்னிரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவர், பழகிவிட்டது.

பூட்டு சார் என்பது ஆபீஸில் வைத்த பெயர். இணையதள முகவரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் தெரியுமே, அதற்குப் பின்னால் ஒரு சான்றிதழ் இருக்கிறது. 'இது அசல் தளம்தான், போலி இல்லை' என்று அதற்கென்றே இருக்கும் நிறுவனங்கள் கொடுப்பது. அப்படிக் கொடுக்கும் ஒவ்வொன்றையும் ஊரே பார்க்கும்படி பொதுப் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். கம்பெனிக்குத் தெரியாமல் கம்பெனி பெயரில் எவனாவது சான்றிதழ் வாங்கிவிட்டானா என்று அந்தப் பதிவேட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் பூட்டு சாருடைய உத்தியோகம். ஒன்பது வருஷத்தில் இரண்டு திருட்டுச் சான்றிதழைப் பிடித்திருக்கிறார். ஒன்று பக்கத்து டிபார்ட்மெண்ட் ஆசாமி வாங்கியது. இன்னொன்று அவரே வாங்கி மறந்துபோனது. முதலாவதைப் பற்றித்தான் வெளியே பேசுவார்.

வீட்டிலும் ஒரு தளம் உண்டு. அம்மணியின் தையல் கடைக்காக மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரே கட்டிக் கொடுத்தது. அதன் பெயரில் பூட்டு சாரின் பெயர் முழுசாக இருக்கும், அம்மணியின் பெயரிலிருந்து கடைசி எழுத்து மட்டும் இருக்கும். சாவி முழுவதும் அவரிடம். ஒரு புள்ளி மாற்ற வேண்டுமானாலும் அம்மணி பதினோரு கட்டம் போட்ட படிவத்தை நிரப்பித் தரவேண்டும்.

ஏழு வாரத்துக்கு முன்னால் அம்மணி அப்படி ஒன்றை நிரப்பித் தந்தாள். ஒரு பள்ளிக்கூடம் இருநூறு பிள்ளைகளுக்குச் சீருடை தைக்க அவளைக் கேட்டிருந்தது. பெற்றோர்கள் வீட்டிலிருந்தே பிள்ளையின் அளவைப் பதிய ஒரு பக்கம் வேண்டும். மாதக் கடைசிக்குள் பக்கம் வராவிட்டால் ஆர்டர் பெரிய கடைக்குப் போய்விடும் என்று தலைமை ஆசிரியை தெளிவாகச் சொல்லிவிட்டாள். அம்மணி அதுவரை தைத்ததிலேயே பெரிய வேலை அதுதான். இதற்காக இரண்டு பழைய மிஷின்களைப் பழுது பார்த்து வைத்திருந்தாள், துணைக்கு இரண்டு பெண்களைப் பேசி வைத்திருந்தாள். படிவம் மட்டும் பரிசீலனையில் இருந்தது.

"மாசம் முடிய இன்னும் இருபது நாள்தாங்க இருக்கு."

"பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கு. அவசரப்படக் கூடாது."

"சட்டை அளவுல என்னங்க பாதுகாப்பு?"

"குழந்தையோட இடுப்பளவு எதிரி கையில கிடைச்சா?"

"கிடைச்சா அவன் ஒரு டிராயர் தைப்பான். வேற என்ன பண்ணுவான்?"

 பதில் தெரியாதபோதெல்லாம் பூட்டு சார் குரலை உயர்த்துவார்.

"ஒன்பதாவது கட்டம் காலியா இருக்கு. அதனாலதான் நிக்குது."

"ஒன்பதாவது கட்டத்துல 'மேலதிகாரியின் கையெழுத்து'ன்னு இருக்கு."

"ஆமா."

"இந்த வீட்ல மேலதிகாரி யாரு?"

கேள்வி சிக்கலானது. பூட்டு சார் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அப்ப நானே பண்ணிக்கிறேன்," என்றாள் அம்மணி. அதற்குத்தான் அந்தச் சபதம்.

சபதம் போட்டால் போதுமா, காவல் வேண்டாமா? அன்று மத்தியானமே பூட்டு சார் உட்கார்ந்து ஒரு கண்காணிப்பு எழுதினார். வீட்டுத் தளத்தின் பெயரில் எந்த மூலையில் யார் சான்றிதழ் வாங்கினாலும் அது பதிவேட்டைப் பார்த்து அவர் போனில் மணி அடிக்கும். அவரே கேட்டு வாங்கியதற்கு மட்டும் அடிக்காது. வீட்டுக்காரன் உள்ளே வரும்போது நாய் குரைக்கலாமா? ஆபீஸிலிருந்தும் பார்க்க வசதியாக அந்தக் கண்காணிப்புக்கே வீட்டுத் தளத்தில் தனி முகவரியோடு ஒரு பக்கம் வைத்தார். அந்த முகவரிக்கு 'சம்சாரம் கண்காணிப்பு' என்று பெயர் வைத்தார். எதிலும் ஒழுங்கு வேண்டும் என்பவர், அதனால் அதற்கும் முறையாக ஒரு பூட்டு வாங்கினார். போன் மணி அடிக்கவில்லை. வாங்கியது அவர்தானே.

சாயங்காலம் காப்பி குடிக்கும்போது அம்மணி ரொம்ப சாதுவாக வந்து உட்கார்ந்தாள். அனுபவப்பட்ட புருஷன் அங்கேயே உஷாராகியிருப்பான். பூட்டு சாருக்கோ தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் தலைகால் புரியாது.

"ஏங்க, அந்தப் பதிவேட்டை நீங்க மட்டும்தான் பாக்க முடியுமா?"

"யாரு வேணா பாக்கலாம். பேரை அடிச்சாப் போதும். என்னைக்கு, எந்த நேரத்துல, எந்தப் பேருக்கு வாங்குனாங்க, எல்லாம் வந்து நிக்கும்."

"தப்பா எழுதிட்டா அழிச்சிடலாமா?"

"பிரம்மா வந்தாலும் அழிக்க முடியாது."

"பெரிய விஷயம்தாங்க. அப்ப உலகத்துல இருக்கிற எல்லாப் பேரையும் நீங்க பாத்துக்கிட்டே இருப்பீங்களா?"

பூட்டு சார் சிரித்தார். குழந்தை கேட்ட கேள்விக்குச் சிரிப்பது போலச் சிரித்தார்.

"கோடிக்கணக்குல இருக்கும்மா. நாம எந்தப் பேரைக் கொடுக்கிறோமோ அதைத்தான் அது பாக்கும். நான் நம்ம தளத்துப் பேரைக் கொடுத்திருக்கேன்."

"அது மட்டும்தானா?"

"அது போதாதா?"

"தாராளமாப் போதும்ங்க," என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் வாரம் மணி அடிக்கவில்லை. இரண்டாவது வாரமும் அடிக்கவில்லை. பூட்டு சாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தையல் அறையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று தொண்டையைக் கனைத்துவிட்டுப் போவார். அம்மணி எதையோ கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருப்பாள், இவரைப் பார்த்ததும் புன்னகைப்பாள். தோற்றவள் சிரித்துச் சமாளிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். ஒருநாள் பெருந்தன்மை வந்து கேட்டும்விட்டார்.

"அந்தப் படிவத்தை வேணும்னா மறுபடியும் கொடு. ஒன்பதாவது கட்டத்தை நானே போட்டுக்கிறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? இருக்கட்டும்."

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. காலையிலேயே ஆபீஸில் மேனேஜரம்மா அவரைக் கூப்பிட்டாள். அந்த அம்மாள் பாராட்டி யாரும் பார்த்ததில்லை, அன்று முகமெல்லாம் பல்லாக இருந்தாள்.

"பூட்டு சார், உங்க வீட்டம்மா பக்கம் அருமையா இருக்கு. என் பையன் அளவை ரெண்டே நிமிஷத்துல போட்டுட்டேன். தினமும் போய்ப் படிக்கிறேன். உங்களைக் கூப்பிட்டுப் பாராட்டப்போறேன்னு இப்பத்தான் அவங்ககிட்டயும் போன்ல சொன்னேன்."

"எந்தப் பக்கம் மேடம்?"

"அதான் சார், சீருடைப் பக்கம். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன மேடம், நான்தானே கட்டிக் கொடுத்தேன்," என்றார் பூட்டு சார். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. அளவுப் பக்கத்தைத் தினமும் போய்ப் படிக்க என்ன இருக்கிறது என்று யோசிக்க அவருக்கு அப்போது தோன்றவில்லை. போனைப் பார்த்தார். மணி அடித்த சுவடே இல்லை. பதிவேட்டைப் பார்த்தார். வீட்டுப் பெயரில் புதிதாக ஒன்றும் இல்லை, அவர் வாங்கியதைத் தவிர.

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறரை. தையல் அறையில் மூன்று மிஷின்களும் ஓடின. கூடத்தில் நீலத்துணி மலையாகக் குவிந்திருந்தது. செருப்பைக் கழற்றாமலே உள்ளே போனார்.

"எப்படிப் பண்ணுன?"

"எதைங்க?"

"பக்கத்தை. பூட்டு எங்க இருந்து வந்தது? பதிவேட்டுல இல்லையே."

"இருக்குங்க. நீங்க வேற பேரைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் எனக்குன்னு ஒரு பேர் வாங்கிட்டேன். என் பேரு, முழுசா. பத்து நிமிஷத்துல பூட்டும் அவங்களே போட்டுக் கொடுத்துட்டாங்க."

"பத்து நிமிஷமா?"

"நீங்க ஏழு வாரமாப் பரிசீலிச்சுக்கிட்டு இருந்தீங்களே, அதே வேலைதான். இருநூத்தி ஆறு பேர் அளவு போட்டாச்சு. ஆர்டர் கையெழுத்தாயிடுச்சு."

பூட்டு சாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. துணைக்கு வந்த இரண்டு பெண்களும் தையலில் ரொம்ப அக்கறையாகக் குனிந்துகொண்டார்கள்.

"நான் பாக்கிறது உனக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. பேரை அடிச்சா எல்லாம் வந்து நிக்கும்னு. அன்னைக்கே அடிச்சுப் பாத்தேன். 'சம்சாரம் கண்காணிப்பு', ஞாயித்துக்கிழமை, மத்தியானம் ரெண்டு இருபது." அம்மணி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அதுவரை சிரித்த முகத்தில் சிரிப்பு இல்லை. "பன்னெண்டு வருஷம் கூட இருந்தவளை நாய் வச்சுப் பாத்தீங்க. எனக்கு அழுகைதான் வந்தது. அழுதுக்கிட்டே உக்காந்தா இருநூறு சட்டையை யார் தைப்பா? அதான் பேர் வாங்கினேன்."

பூட்டு சாருக்குச் சுருக்கென்றது. தப்புதான், மனசுக்குத் தெரிந்தது. ஆனால் மூன்று மிஷின்களுக்கு முன்னால், இரண்டு பெண்களுக்கு முன்னால், தப்பை ஒப்புக்கொள்கிற ஆம்பிளை இன்னும் பிறக்கவில்லை என்பது அவர் கட்சி. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாது. மீசை இல்லாதவருக்கு அந்தக் கவலை இன்னும் அதிகம்.

"சரி. உனக்குத் தனிப் பேர் வந்தாச்சு. அப்ப நான் கட்டின தளம் எதுக்கு? இப்பவே மூடறேன். இந்த நிமிஷமே. அப்புறம் பழைய கஸ்டமர் எல்லாம் வழி தெரியாம நிப்பாங்க. நீ வந்து கெஞ்சினாலும் திறக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

"உங்க இஷ்டங்க."

"மூடறேன்."

"ம்."

ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. பூட்டு சார் அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். மூன்று வருஷமாகப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்ட தளத்தை, கண்காணிப்போடும் பதினோரு கட்டத்துப் படிவத்தோடும் சேர்த்து, ஒரே தட்டில் மூடினார். மணி ஆறு ஐம்பத்திரண்டு. தையல் அறையில் யாரும் கூக்குரல் இடவில்லை. மிஷின்கள் ஓடின.

மூடியவருக்கு மனசு ஆறவில்லை. அவசரத்தில் வாங்கிய தளமாயிற்றே, ஏதாவது ஓட்டை இருக்காதா? இருந்தால் சுட்டிக்காட்டலாம். அம்மணியின் புதுப் பெயரைப் பதிவேட்டில் அடித்தார். சான்றிதழ் இரண்டு வந்து நின்றது. ஒன்று சீருடைப் பக்கத்துக்கு. இன்னொன்றும் அதே ஞாயிற்றுக்கிழமை வாங்கியது. 'புருஷன் கண்காணிப்பு' என்று இருந்தது.

திறந்தார். பூட்டெல்லாம் பக்காவாகத்தான் இருந்தது. பெற்றோர்களுக்கான தினசரிக் குறிப்புகள், தேதிவாரியாக. 'இன்று மூன்று தடவை வந்து தொண்டையைக் கனைத்தார். துணி வெட்டும் வேலை தடைபடவில்லை.' 'இன்று பெருந்தன்மையாக இருந்தார். காலர் தைப்பது தொடங்கியது.' இப்படியே பதினேழு நாள். படித்தவர்கள் எண்ணிக்கை, அளவு போட்டவர்கள் எண்ணிக்கையைவிட இரண்டு மடங்கு இருந்தது. மேனேஜரம்மாவின் பல் அவர் கண் முன்னால் வந்து போனது.

கடைசிக் குறிப்பு இன்றைய தேதி. எழுதிய நேரம் காலை பதினொன்று.

'வாடிக்கையாளர் கவனத்துக்கு: கடையின் பழைய முகவரி இன்று மாலை ஏழு மணிக்குள் மூடப்படும். அந்த வேலையை என் கணவர் பார்த்துக்கொள்வார்.'