வெள்ளிக்கிழமைக் கறிபாப்

உலகத்தில் நல்லது செய்யப் போகிறவன் முதுகில்தான் முதல் அடி விழும். பதினேழு வயது வரை நானும் இதை நம்பவில்லை.

மலாயாவில், ஈப்போ நகரில் நான் தங்கிப் படித்த மிஷன் பள்ளியில் மாணவர்களே நடத்திய கடை ஒன்று இருந்தது. பேனா முள், மைத்தூள், நோட்டுப் புத்தகம், வறுத்த கடலை. நான்தான் தலைவன். (தலைவன் என்றால் கூட்டிப் பெருக்குகிறவன்.) ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கம் அது. ரப்பர் விலை படுத்துக்கொண்டதால் எஸ்டேட் பிள்ளைகளிடம் காசு இல்லை. கடையில் வரும் லாபத்தில்தான் முடியாதவர்களுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டிக்கொண்டிருந்தோம். இந்த அழகில் வெள்ளைக்காரத் தலைமையாசிரியர் துரை கடைக்கு வாடகை கேட்டார். மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் மண்டை இடிக்கும் ஒரு பொந்து. அதற்கு வாடகை!

அந்த மாதம் நாங்கள் கட்ட வேண்டியது சவரிமுத்துவின் சம்பளம். சுங்காய்ப் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அவன் அப்பாவுக்குப் பாதிக் கூலிதான். சனிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். என் பக்கத்துக் கட்டில்காரன் அவன். விடுவேனா?

வெள்ளிக்கிழமை விளையாட்டுப் போட்டி. ஆடி முடித்தவர்களுக்குப் பசிக்கும், பலகாரம் விற்ற லாபத்தில் சம்பளம் தேறிவிடும் என்று கணக்குப் போட்டேன். கடைப் பெட்டியைச் சுரண்டி வழித்து, ஊருக்குள் பலகாரம் போடும் ஓர் அம்மாவிடம் மாவுக்குள் ஆட்டிறைச்சி மசாலா வைத்து மடித்துப் பொரித்த கறிபாப் நூற்றிருபதுக்குச் சொல்லிவிட்டேன். கடையின் பணத்தை வைத்திருந்த கனகசபை, யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா வீட்டுப் பிள்ளை, தன் கையாலேயே காசை எண்ணித் தந்தான்.

மத்தியானம் தட்டுகள் வந்தன. மணம் மைதானத்தையே தூக்கியது. முதல் கறிபாப்பைக் கனகசபையிடம் நீட்டினேன்.

"எனக்கு வேண்டாம். இண்டைக்கு வெள்ளிக்கிழமை எல்லோ. நான் மச்சம் மாமிசம் தொடமாட்டன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?"

"நீர் விலையைத்தானே கேட்டனீர். கிழமையைக் கேக்கேல்லையே."

இந்துப் பிள்ளைகள் எல்லாரும் அவன் கட்சி. மலாய்ப் பிள்ளைகள் ஜும்மாவுக்குப் போய் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்கள். சீனப் பையன் ஆ சோங் குனிந்து முகர்ந்தான். "கம்பிங்கா?" என்று, ஆட்டுக்கறியா என மலாயில் கேட்டுவிட்டு, மூக்கைப் பிடித்தபடி வாசல் கடலைக்காரனிடம் போனான். மற்ற சீனப் பிள்ளைகளும் பின்னாலேயே போனார்கள். மிச்சம் இருந்தது வேதக்காரர்கள், கிறிஸ்தவப் பிள்ளைகள். சவரிமுத்து இருக்கிறான், நாலு பேரையாவது கூட்டி வருவான் என்று திரும்பினேன்.

"மச்சான், வெள்ளிக்கெழம எறச்சி தின்னா பாவம்லா. சாமியார்கிட்ட என்னன்னு போயி சொல்லுவேன்?"

"டேய், இது ஒன் சம்பளம்டா!"

"அதுக்காக நரகத்துக்குப் போக முடியுமா?"

அவனும் மற்ற வேதக்காரப் பிள்ளைகளும் கத்தோலிக்கர்கள். நாங்கள் புராட்டஸ்டன்ட், எங்கள் வீட்டில் இறைச்சிக்குக் கிழமையே கிடையாது. அந்த நூற்றிருபதையும் மனச்சாட்சி உறுத்தாமல் தின்னக்கூடியவர்கள் நானும் துரையும் மட்டும்தான். ஒரு கறிபாப்புக்கு எதிராக இத்தனை மதங்கள் ஒன்றுகூடியதை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

துரை வந்தார். மூன்று தின்றார். கையைக் குலுக்கிப் பிரமாதம் என்றார். காசு தரவில்லை! (இரத்தம் கொதிக்கிறது, இப்போதும்.) போகிறபோது வாடகையை வேறு ஞாபகப்படுத்தினார்.

மறுநாள் விடிந்ததும் என் போர்வையை யாரோ இழுத்தார்கள். சவரிமுத்து.

"மச்சான், சனிக்கெழம ஆயிருச்சு. இருக்கா?"

இருந்தது. ஐந்து தின்றான், ஓசியில். மற்றவர்கள் எழுந்து வருவதற்குள் வெயில் ஏறி, மீதி எல்லாம் ஊசிப்போனது. ஊசிப்போனதைக் குழிதோண்டிப் புதைத்தவனும் நானே.

லகாட் சுரங்க ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரசராக இருந்த என் அப்பாவுக்கு ஆள் அனுப்பினேன். மத்தியானத்துக்குள் சைக்கிளில் வந்துவிட்டார். என் காதை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறு கையால் சவரிமுத்துவின் சம்பளத்தைக் கட்டினார். வாடகை வரவில்லை என்று கடையைத் துரை பூட்டினார்.

சவரிமுத்து படித்தான், பாஸானான், எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குப் போனான். போனவன் சும்மா இருந்தானா? என் தங்கையையே கட்டிக்கொண்டான். இன்றைக்கும் எங்கள் வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ, நான் வாய் திறந்து சாப்பாட்டைப் பற்றி ஏதாவது சொன்னால் போதும்.

"மச்சான், அன்னைக்கி என்ன கெழமன்னு கேட்டியா?"

என் மனைவி சிரிப்பாள். பேரப்பிள்ளைகள் கதை தெரியாமலேயே சிரிக்கும். எல்லாரையும்விட உரக்கச் சிரிக்கிறவன் அவன்தான். அந்த வாய்க்குச் சம்பளம் கட்டியது என் அப்பா!