வீடு பார்க்க வந்த சகலைக்கு

ஜங்லிகாட், போர்ட் பிளேர்
7 ஜூலை 2019

மதிப்பிற்குரிய சகலை முத்துகிருஷ்ணன் அவர்களுக்கு,

ஈஸ்வரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் விஜயலட்சுமியும் உடம்பளவில் சுகம். திருச்சியில் தாங்களும், கார்த்திகாவும், குழந்தை மகிழினியும் சுகமாக இருக்க எங்கள் ஊர் வெற்றிமலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். இந்த வேண்டுதலில் உள்நோக்கம் எதுவும் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். முருகனுக்கு உண்மை தெரியும் என்பதால் அப்படி எழுதக் கை வரவில்லை.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். போனில் என் வாய் என்னை முந்திக்கொள்ளும். அது மற்றவர்களைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். கடிதமென்றால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். தாங்கள் இங்கிருந்து கிளம்பி ஆறு வாரமாகிறது. இன்னும் ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. எந்த போன் அடித்தாலும் விஜி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருகிறாள். என் கடைக்குச் சிமெண்ட் அனுப்புகிறவன் பேசினால்கூட ஓடி வருகிறாள். அதைப் பார்க்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் என் கட்சி விளங்கும். தங்களுக்குச் சென்னை ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடந்து மகிழினி பிறந்தாள். அப்போது உண்டான கருக்களில் சில இன்னும் அங்கேயே உறைந்த நிலையில் இருக்கின்றன. எங்களுக்கும் அதே வைத்தியம் நாலு தடவை நடந்து ஒன்றும் தங்கவில்லை, இனிமேல் எங்கள் சொந்தக் கருவுக்கு வழியில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அந்த நிலையில்தான் கார்த்திகா போன் செய்து, “எங்களுக்கு ஒண்ணு போதும்க்கா, மிச்சத்த நீ சுமந்து பெத்துக்கிறியா?” என்று தன் அக்காவைக் கேட்டாள். அன்றைக்கு விஜி சோறு வடிக்க மறந்து, அது குழைந்து கஞ்சியாகிவிட்டது. நாங்கள் இருவரும் அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். சந்தோஷம் அதிகமானால் பேச்சு வராது என்பது எனக்கு நாற்பத்து மூன்று வயதில்தான் தெரிந்தது. ரெண்டு நாள் கழித்துத் தாங்கள் கூப்பிட்டு, கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகிறோம் என்றீர்கள். எதைப் பார்ப்பீர்கள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். சம்மதம் என்ற சந்தோஷத்தில் வாருங்கள் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள், பார்த்திருக்கிறேன். பிள்ளை கொடுப்பவர்கள் வீடு பார்க்க வந்தால் என்ன செய்ய வேண்டுமென்று எங்கள் வம்சத்தில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது பெயிண்ட். கடையிலிருந்து நாலு டப்பா நீலம் கொண்டுவந்து பின்கட்டு அறைக்கு அடித்தேன். மே மாசப் புழுக்கத்தில், மழை வரப்போகிற நேரத்தில், இந்த ஊரில் பெயிண்ட் லேசில் காயாது என்பது அதை விற்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். தாங்கள் அந்த அறையில் சுவரில் சாய்ந்து, “காத்து வருதே” என்று ஆசையாகச் சொன்னபோதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. சட்டையின் முதுகில் வந்த நீலம் போகவில்லை என்று கார்த்திகா விஜியிடம் சொன்னாளாம். அந்த வாரம் குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வந்தது. தாங்கள் சோப்புப் போட்டுக்கொண்டு நின்றபோது தொட்டி தீர்ந்துவிட்டது. விஜி குடிதண்ணீர்க் குடத்தைக் கொண்டுவந்து கதவிடுக்கு வழியாகக் கொடுத்தாள். போகட்டும், அது என் கையில் இல்லை.

ஆனால் அப்ஸானா விஷயம் என் கையில் இருந்தது. கீழ்வீட்டு ஜவுளிக்கடை அப்துல் வாஹித் பாயின் மகள் அப்ஸானாவுக்கு ஐந்து வயது. அவள் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்குள் வந்து, யாரையும் கேட்காமல் விஜியின் மடியில் தலையை வைத்துப் படுத்து டிவி பார்ப்பாள். விஜி அவள் தலையைக் கோதிக்கொண்டே சீரியல் பார்ப்பாள். சில நாள் பிள்ளை அங்கேயே தூங்கிப்போவாள், அவள் அம்மா லத்தீபா வந்து தூக்கிக்கொண்டு போவாள். சகலை, இதைத் தாங்கள் பார்த்திருந்தால் போதும், வேறெதுவும் பார்த்திருக்க வேண்டாம். பார்க்காதபடி கெடுத்தவன் நான். எங்களிடம் பிள்ளைகள் ஒட்டிக்கொள்ளும் என்பதைத் தாங்கள் பார்க்க வேண்டுமென்று, லத்தீபாவிடம் சொல்லி அப்ஸானாவுக்குப் புது கவுன் போட்டுவிட்டு, நாற்காலியில் ஒழுங்காக உட்காரச் சொல்லி, ஐஸ்கிரீமுக்கும் ஒப்புக்கொண்டேன். அவள் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஏம்மா இப்படி இருக்கிறாய் என்று தாங்கள் கேட்டதற்கு, “அங்கிள் நே போலா, மெஹ்மான் ஜானே தக் ஹில்னே கா நஹி” என்றாள். சின்னப்பிள்ளை ஏதோ பாட்டுப் பாடுகிறது என்று தங்களிடம் மொழிபெயர்த்தேன். கார்த்திகா டெல்லியில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள் என்பது மறந்துபோயிற்று. விருந்தாளிகள் போகிறவரைக்கும் அசையக் கூடாது என்று அங்கிள் சொன்னாராம் என்று அவள் தங்கள் காதில் சொன்னதை நானும் கேட்டேன்.

தாங்கள் இருந்த மூன்று நாளில் கடைசி நாள் சிப்பிகாட் பண்ணைக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் தாங்கள் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தீர்கள். மறுபடி சுனாமி வந்தால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள், பெரிய வியாதி வந்தால் மெயின்லேண்டுக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள், பள்ளிக்கூடத்தில் ஹிந்தியே பேசிக்கொண்டிருந்தால் தமிழ் எப்படி வரும் என்று கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். விஜியும் கார்த்திகாவும் கிராம்பு மரம் பார்த்துக்கொண்டு முன்னால் நின்றார்கள். அப்போது தாங்கள் மெதுவாக, “உங்களுக்குக் கோவம் வருமா?” என்றீர்கள்.

“கோவமா? எனக்கா? யாரு சொன்னது?” என்றேன். பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “உங்க அப்பாவ இப்படி மரத்தடியில நிக்க வச்சு விசாரிச்சுட்டா உங்களக் குடுத்தாங்க?” என்றும் கேட்டுவிட்டேன்.

தாங்கள் கோபப்படவில்லை. “யாராவது விசாரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றீர்கள்.

தங்கள் தகப்பனார் குடித்துவிட்டு வந்து தங்களையும் அம்மாவையும் என்ன பாடு படுத்தினார் என்பதை அன்று இரவு விஜி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். மன்னிக்க வேண்டும்.

மன்னிப்பு வேறு, நியாயம் வேறு. என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். பார்த்துத்தான் கொடுப்பேன் என்று கொடுப்பவர் சொல்வது தப்பு. அப்படி வாங்கிய வீட்டார் ஆயுசுக்கும் பரீட்சை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் டாக்டருக்கு முன்னால் திருச்சிக்குப் பதில் சொல்ல வேண்டும். கணக்கில் மார்க் குறைந்தால் திருச்சியில் என்ன நினைப்பார்களோ என்று பயப்பட வேண்டும். திட்ட வேண்டிய நேரத்தில்கூட ஒரு தகப்பனுக்கு வாய் வராது. அதுவும் போக, பார்த்துக் கொடுப்பது என்று ஆரம்பித்தால் பங்களா வைத்திருப்பவனுக்குத்தான் பிள்ளை கிடைக்கும். தகர ஷீட் போட்ட வீட்டில் இருப்பவன் என்ன பாவம் செய்தான்? கடவுள் யார் வீட்டையும் பார்த்துவிட்டுப் பிள்ளை கொடுத்ததாகத் தெரியவில்லை. பார்த்திருந்தால் உலகத்தில் பாதிப் பேர் பிறந்திருக்கவே மாட்டோம். எனவே ஆஸ்பத்திரியிலேயே ஒப்படைத்துவிடுங்கள், வரிசையில் யார் முன்னால் நிற்கிறார்களோ அவர்களுக்குப் போகட்டும். நாங்களும் வரிசையில் நிற்கிறோம். கப்பல் டிக்கெட்டுக்கு நின்றே காலம் போன ஜனங்கள் நாங்கள், நிற்பது எங்களுக்குப் பழக்கம்தான். எப்படியானாலும் தேர்ந்தெடுக்கும் உரிமை தங்களுக்கு இல்லை. இதுவே என் முடிவான கருத்து.

குழந்தை மகிழினிக்கு எங்கள் ஆசீர்வாதம். கார்த்திகாவுக்கு என் அன்பைச் சொல்லவும். தங்கள் தாயாருக்கு இருவருடைய நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை நாள்தோறும் எதிர்பார்க்கும்,
ஈஸ்வரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் விஜியிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள். “எல்லாம் நியாயமாத்தான் எழுதியிருக்கீங்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா அது என்னோடதா இருந்தா, நான் பாக்காமக் குடுப்பேனா? மூணு நாளா? மூணு மாசம் உக்காந்து பாத்திருப்பேன்” என்றாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகவே சகலை, மேலே எழுதிய எதையும் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்களுக்கு உரிமை உண்டு. எங்களுக்கு இல்லையென்று முடிவு செய்தால் நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம். என்மேல் இருக்கும் வருத்தத்தில் யாருக்குமே கொடுக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். யாருக்கானாலும் நன்றாகப் பார்த்துக் கொடுங்கள். கேட்க வேண்டியதையெல்லாம் கேளுங்கள், எவனாவது கத்தினாலும் விடாமல் கேளுங்கள்.

யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதை மட்டும் எங்களுக்குச் சொல்ல வேண்டாம். விஜி கேட்பாள். கேட்டாலும் சொல்ல வேண்டாம்.