அங்கீகரிக்கப்பட்ட சிவப்பு

உலகத்தில் சமத்துவம் முதன்முதலில் எங்கே வந்தது என்று யாராவது கேட்டால், பிரான்ஸ், ருஷ்யா என்று அவசரப்பட்டு எதையாவது சொல்லிவைக்காதீர்கள். ஆந்திராவின் பல்நாடு பகுதி, மல்லெலபாடு மிளகாய் விற்பனைக் கூடம், இரண்டாவது வாயில் என்று விலாசத்தோடு சொல்லுங்கள். போன மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அது அங்கே வந்து இறங்கியது. இறக்கிவைத்தவர்களில் நானும் ஒருவன். பெயர் வங்கால சேஷாவதாரம். பதவி, மேல்நிலை எழுத்தர் மற்றும் 'வண்ணப் பொறுப்பு அலுவலர்'. இரண்டாவது பதவிக்குச் சம்பளம் கிடையாது, பெயர்ப்பலகை உண்டு.

அதற்கு முன்னால் எங்கள் கூடத்தில் நடந்ததெல்லாம் காட்டுமிராண்டித்தனம். வியாபாரிகள் நேரில் வருவார்கள். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார்கள். உடைப்பார்கள், முகர்வார்கள், காதருகே ஆட்டி விதை குலுங்குகிறதா என்று கேட்பார்கள், தும்முவார்கள், விலை சொல்வார்கள். மிளகாய் வாங்க வேண்டுமானால் மிளகாயைப் பார்க்க வேண்டும் என்ற மூடநம்பிக்கை அந்த அளவுக்கு வேரூன்றியிருந்தது.

அதை ஒழித்துக்கட்டியவர் எங்கள் செயலாளர் கொத்தமராஜு நரஹரி காரு, அதாவது நரஹரி அவர்கள். இந்தூரிலும் நாக்பூரிலும் இருக்கும் வியாபாரிகள் இருந்த இடத்திலிருந்தே படத்தைப் பார்த்து ஏலம் கேட்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். வெறும் படம் அல்ல. ஹைதராபாத் நிறுவனம் ஒன்றிலிருந்து ப்ரணீத் என்பவர் வந்து, படத்தின் நிறச் செறிவைத் தானாகவே திருத்தும் மென்பொருளைப் பொருத்தினார். கூட்டத்தில் அவர் விளக்கியதைத் தும்மல்களை நீக்கித் தருகிறேன்:

"காலைல எடுத்த படம் வெளிறியிருக்கும் சார். மத்தியானம் எடுத்தது பளிச்சுனு அடிக்கும். நம்ம மென்பொருள் அதைச் சரி பண்ணிடும். நிறம் கம்மியா இருந்தா ஏத்தும், ஜாஸ்தியா இருந்தா இறக்கும். எல்லாப் படமும் ஒரே 'தரச் சிவப்பு'ல வந்து நிக்கும்."

"எல்லா மிளகாயுமா?" என்றார் செயலாளர்.

"எல்லாப் படமும் சார்."

"அதைத்தான் நானும் கேக்குறேன். எல்லா மிளகாயுமா?"

ப்ரணீத் பலமாகத் தும்மினார். அதை ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

முதல் வாரத்திலேயே பலன் தெரிந்தது. கமிஷன் மண்டி பாபாராவின் சரக்கு மழையில் நனைந்து காகிதம்போல் வெளுத்த 'தாலு', அதாவது கழிசல் மிளகாய். படத்தில் அது கல்யாணப் பட்டுபோல் ஜொலித்தது. பாபாராவே திரையைப் பார்த்து அசந்துபோனார்.

"இது யாரு சரக்குய்யா? அடேயப்பா!"

"உங்களோடதுதாங்க."

"அப்படியா? அப்போ நான் சொன்ன விலை ரொம்பக் கம்மியாச்சே!"

இதைக் கண்டிக்க விவசாயிகள் சங்கத் தலைவர் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வாயிலில் முழங்கினார். அதையும் படமெடுத்துத் திருத்தினோம். அவர் இளஞ்சிவப்பில் வந்தார். படத்தைப் பார்த்த பிறகு பேச்சிலும் சூடு குறைந்துவிட்டது. மிளகாயில் இருப்பது வெறும் காரம். அலுவலகத்தில் இருப்பதோ அதிகாரம்.

இப்படிச் சமத்துவம் செழித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் தாடிபர்த்தி சுந்தரம்மா முப்பத்தெட்டு மூட்டைகளோடு வந்து சேர்ந்தாள். ஐம்பது வயதிருக்கும். கணவர் போன பிறகு தானே விதைத்து, தானே பறித்து, தானே டிராக்டரில் ஏறி வருகிறவள். அவள் மிளகாயைப் பற்றி அலுவலக மொழியில் சொல்ல வழியில்லை. மூட்டை வாயை அவிழ்த்தால் எதிர்ச்சுவர் சிவக்கும்.

மென்பொருளுக்கு அது பொறுக்கவில்லை. படத்தைப் பழைய செங்கல் நிறத்துக்கு இறக்கியதோடு நிற்காமல், கீழே ஒரு குறிப்பும் காட்டியது: 'மிகைச் செறிவு. செயற்கைச் சாயம் கலந்திருக்கலாம்.'

சுந்தரம்மா என் மேசைக்கு வந்தாள்.

"ஏன் பாபு, அந்தப் பொட்டியில தெரியுதே, யாரோட மிளகாய் அது?"

"உங்களுதுதாம்மா."

"என்னுதா? செத்து மூணு நாள் ஆனது மாதிரி இருக்கு! என்னுது இதோ உன் காலடியில கெடக்கு. குனிஞ்சு பாரு."

"பாக்கக் கூடாதும்மா. விதி பதினொண்ணு. கண்ணு ஓரவஞ்சனை பண்ணும்."

"உனக்குக் கண்ணு இருக்கா, இல்லியா?"

"இருக்கும்மா. அதுக்கு அங்கீகாரம் இல்ல."

சத்தம் கேட்டுச் செயலாளர் வெளியே வந்தார். குறிப்பைப் படித்தார். "சாயம் கலந்திருக்கீங்க" என்றார், வருத்தத்தோடு.

அவள் முகம் மாறியது. அதுவரை சண்டைக்காரியாக நின்றவள் மெதுவாகப் பேசினாள். "அய்யா, இந்த வாயிலுக்குள்ள இருபத்திரண்டு வருஷமா வர்றேன். சுந்தரம்மா மூட்டைன்னா அவுக்காமலே வாங்குவாங்க. விலை வேணா குறைச்சுக்கோங்க. எம் பேருக்கு எதிர சாயம்னு எழுதாதீங்க."

"நான் எழுதலம்மா. அதுவா எழுதிக்கிச்சு."

"ஒரு டம்ளர் தண்ணி கொண்டாங்க. நாலு காயைப் போடுவோம். சாயம்னா கரையும், இல்லேன்னா இல்ல."

"தண்ணிச் சோதனைக்கு நம்மகிட்ட மென்பொருள் இல்லையேம்மா!" என்றார் செயலாளர்.

முப்பத்தெட்டு மூட்டைகளும் 'சாட்சிப் பொருள்' ஆகிப் பறிமுதலாயின. கொட்டகை முழுக்கப் பாபாராவின் சரக்கு இருந்ததால் பின்பக்கத் திறந்தவெளியில் வைக்கப்பட்டன. சாட்சிப் பொருளை மூடி வைக்கக் கூடாது என்று விதி. எனவே அவிழ்த்துச் சிமெண்டுத் தரையில் கொட்டப்பட்டன. விசாரணைக் குழு அமைக்க ஒரு குழு அமைக்கப்பட்டது.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பலவீனமான நிமிடத்தில் நான்கு மிளகாய்களை எடுத்து என் தண்ணீர் டம்ளரில் போட்டேன். புளிஹோரா முழுவதையும் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து பார்த்தேன். தண்ணீர் ஊற்றியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. செயலாளரின் அறைக்குப் போனேன்.

"சார், அந்தம்மா காய் நாலைத் தண்ணியில..."

"சேஷாவதாரம்," என்றார், தலை நிமிராமல், "பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாசம் போகுது."

"...தண்ணி நிறையக் குடிக்கணும்னு சொல்ல வந்தேன் சார்."

"நல்ல யோசனை. வெயில் காலம் பாருங்க."

டம்ளர் தண்ணீரைச் சன்னல் வழியாக ஊற்றினேன். அலுவலக ஒழுக்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சுந்தரம்மா தினமும் ஒன்பது மணிக்குச் சோற்றுத் தூக்கோடு வந்துவிடுவாள். எடைமேடைக்குப் பக்கத்துச் சுவர் நிழலில் உட்கார்ந்து மிளகாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அடியில் பூசணம் பிடிக்குமே என்று கட்டையை எடுத்துக் கிளறப்போனாள். "சாட்சியைக் கலைக்கக் கூடாது" என்று காவலாளி கட்டையைப் பிடுங்கிக்கொண்டான். பகலில் நாற்பத்திரண்டு டிகிரி வெயில், விடிகாலையில் பனி, நடுவில் ஒரு நாள் கோடைமழை.

என்னைக் கண்டால் அவள் ஒரே கேள்விதான் கேட்பாள். "பாபு, நேத்தைக்கு இன்னைக்கு நிறம் எவ்வளவு எறங்கிருச்சு பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. விதி பதினொன்று.

இதற்கிடையில் இந்தூரிலிருந்து ஒரு புகார் வந்தது. வந்த சரக்கு வெள்ளையாக இருக்கிறது என்று படத்தோடு அனுப்பியிருந்தார்கள். படம் எங்கள் கணினியில் திறந்ததும் தானாகவே திருத்தமாகி, செக்கச்செவேல் என்று நின்றது. 'தங்கள் பாராட்டுக்கு நன்றி' என்று பதில் எழுதினோம். அவர்கள் அதன்பிறகு புகாரும் அனுப்பவில்லை, ஏலமும் கேட்கவில்லை. புகார்கள் அறவே ஒழிந்தன என்று ஆண்டறிக்கையில் சேர்த்தோம்.

இருபத்தேழாம் நாள் விசாரணைக் குழு வந்தது. ஏழு பேர், ஏழு தொப்பி, ஏழு மோர் டம்ளர். தரையில் கிடந்தது காவியும் இல்லாத வைக்கோலும் இல்லாத ஒரு நிறம். படமெடுத்தோம். மென்பொருள் ஒரு கணம் யோசித்தது. முதன்முறையாக ஒரு படத்தை அது தொடவே இல்லை. 'தரச் சிவப்பு. திருத்தம் தேவையில்லை.'

குழு கைதட்டியது. செயலாளர் ஓடிவந்து சுந்தரம்மாவின் கையில் சான்றிதழைக் கொடுத்தார்.

"வாழ்த்துகள்மா! உங்க மிளகாய் திருந்திடுச்சு!"

அவள் குனிந்து ஒரு காயை எடுத்து உடைத்தாள். உதிர்ந்தது. அவளைச் சுற்றி எட்டடிக்குள் நாங்கள் பதினோரு பேர் நின்றிருந்தோம். ஒருவருக்கும் தும்மல் வரவில்லை.

"வெயிலுக்குக் கண்ணு இல்ல, வெளுக்க வெச்சிருச்சு," என்றாள். "நீங்க இத்தனை பேரு நின்னு பாத்தீங்களேய்யா."

"நாங்க பாக்கலம்மா," என்றார் செயலாளர் அவசரமாக. "விதி இருக்கு."

அவள் சான்றிதழை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள். மிளகாயை அள்ளவில்லை. "அடுத்த வருசம் பருத்தி போடுறேன். அது வெள்ளை. அதையாவது விட்டுவைங்க" என்று சொல்லிவிட்டு வாயிலைப் பார்த்து நடந்தாள்.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "பருத்திக்கு எவ்வளவு செறிவு வைக்கலாம்னு ஒரு கோப்புத் தொடங்குங்க, சேஷாவதாரம்."

ஜூன் மாதம் எங்களுக்குப் 'புதுமை நிர்வாக விருது' கிடைத்தது. எனக்குப் பதவி உயர்வு. மாலைகளோடு அன்றைய பதினோரு பேரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். அறிக்கையின் அட்டைக்காக அதை மென்பொருளில் ஏற்றினேன். வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னது: 'சிவப்பு காணப்படவில்லை. திருத்த இயலாது.'

பதறிப்போய் ப்ரணீத்துக்குப் போன் போட்டேன்.

"துளி இருந்தாலும் போதும் சார், ஏத்திக் காட்டிடும்," என்றார் அவர். "அறவே இல்லாததை அது எப்படி ஏத்தும்? அப்படி என்னத்தைப் படம் எடுத்தீங்க?"

"எங்க முகத்தைத்தான்," என்றேன்.

மென்பொருள் மீது எனக்கு இருந்த மரியாதை அன்றுதான் பூரணமாயிற்று. முப்பத்தெட்டு மூட்டையையும் ஒரு பெண்ணின் பெயரையும் வெளுக்க வைத்த பதினோரு பேரில், வெட்கத்தில் லேசாகச் சிவந்த முகம் ஒன்றுகூட இல்லை. அது தேடிப் பார்த்து நேர்மையாகச் சொல்லியிருக்கிறது. இடமிருந்து மூன்றாவதாக நிற்பவன் நான்.