அணைப்பரக்கிக்கு முதல் பிரதி

தான் எழுதிய புத்தகத்தை வீடு வீடாகப் போய், "தயவுசெய்து திருப்பித் தாருங்கள்" என்று கெஞ்சி வாங்கியவள் திருகோணமலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். (யாருமே தர மறுக்கவில்லை என்பது தனிச் சோகம்.)

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. கலியாணக் கார்ட்டுகளுக்குப் பூவும் மயிலும் படமாகக் கீறிக் கொடுப்பதுதான் தொழில். புத்தி வரவேண்டிய வயதில் எனக்கு ஒரு யோசனை வந்தது.

அது பஸ்லியாவின் யோசனை என்று சொல்லத்தான் ஆசை. பஸ்லியா என் பள்ளிக்கூடத் தோழி. ஐந்தாம் வகுப்பில் நாங்கள் இருவரும் கொப்பிகளின் பின்பக்கத்தில் ஆளுக்கொரு வீரரைக் கீறிக்கொண்டிருப்போம். என்னுடையவர் மின்னல்மாறன், விரலை நீட்டினால் கரண்ட் பாயும். (கரண்டே இல்லாத ஊரில் வேறென்ன கற்பனை வரும்?) அவளுடையவள் அலைவீரி, துறைமுகத்துக்கு அடியில் மூச்சே விடாமல் ஒரு கிழமை நிற்பாள். இருபத்தைந்து வருடம் கழித்து, இருவரையும் ஒரே சித்திரக்கதைக்குள் சந்திக்க வைப்போம் என்றேன் நான்.

"சந்திச்சு என்ன செய்யிற?" என்றாள் பஸ்லியா.

"காலத்தில பின்னுக்குப் போறது. பரிமளம் அன்ரி வீட்டு ரீவிக்குள்ளால."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கே கீறத் தொடங்கிவிட்டோம்.

பரிமளம் அன்ரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உட்துறைமுகத்துக்கு எதிரே இருந்த எங்கள் ஒழுங்கையில், அந்தக் காலத்தில் ரீவி இருந்த ஒரே வீடு அவருடையது. மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளை ரீவி. கார் பட்டரியில் ஓடும். ஞாயிறு பின்னேரங்களில் ஏழு பிள்ளைகள் சிமெந்துத் தரையில் வரிசையாக இருந்து வெளிநாட்டுச் சாகசத் தொடரொன்று பார்ப்போம். பேச்சு ஆங்கிலம், கீழே ஓடும் எழுத்து சிங்களம். எங்களுக்கு இரண்டும் விளங்காது. கதை மட்டும் முழுவதும் விளங்கும். வீரன் மலை விளிம்பில் ஒற்றைக் கையால் தொங்கும்போது அன்ரி எழும்பி வந்து ரீவியை நிறுத்திவிடுவார்.

"பட்டரி முடிஞ்சுது. ஓடுங்கோ வீட்டை!"

ஒரு ஞாயிறுகூட நாங்கள் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்த்ததில்லை.

எங்கள் சித்திரக்கதை அந்த அநியாயத்துக்குப் பழிவாங்கியது. மின்னல்மாறனும் அலைவீரியும் பழைய ரீவியின் குமிழைத் திருகி, காலத்துக்குள் புகுந்து, அந்தப் பத்து நிமிடத்தை மீட்கப் போகிறார்கள். தடுப்பவள் அணைப்பரக்கி. (அணைப்பது ரீவியை, ஆளை அல்ல.) அவளுக்குப் பரிமளம் அன்ரியின் பூப்போட்ட சட்டையைக் கொடுத்தேன். இடது கன்னத்து மச்சத்தைக் கொடுத்தேன். மூக்கை மட்டும் அப்படியே கொடுக்கவில்லை. மூன்று மடங்காக்கிக் கொடுத்தேன். வாசல் படலையில் நின்று நீண்ட கைகளை வீசிப் பிள்ளைகளைத் துரத்தும் பக்கத்தைக் கீறி முடித்ததும், பெருமை தாங்காமல் என் கணவரைக் குசினியிலிருந்து இழுத்து வந்து காட்டினேன்.

வெளியீட்டை ஒரு சனிக்கிழமை காலை, கடலோர மண்டபமொன்றில் வைத்தோம். மேடைக்கு ஒரு பழைய ரீவி இருந்தால் நன்றாயிருக்கும் என்றார், விழாவைப் பொறுப்பெடுத்திருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். ஊரெல்லாம் தேடினேன். கடைசியில் யாரிடம் போய் நின்றேன் என்று கேட்காதீர்கள்.

"தாறன் பிள்ளை. ஆனா இதைத் தனிய விட ஏலாது. நானும் வாறன்" என்றார் பரிமளம் அன்ரி.

புத்தியுள்ள மனுஷி அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருப்பாள். நான், "ஓம் அன்ரி, வாங்கோ" என்றேன். எழுபது வயது, புத்தகத்தைத் திறந்தா பார்க்கப்போகிறார், பின்வரிசையில் இருத்திவிடலாம் என்று ஒரு நினைப்பு.

ஓட்டோவில் ரீவி நடுவில், அன்ரி ஒரு பக்கம், நான் மறுபக்கம். "மேடைக்குப் போற ரீவி எல்லோ, அதுதான் மகளின்ட கலியாணத்துக்கு உடுத்த சீலையைக் கட்டினனான்" என்றார். வழியில், எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு மாதிரித் திரியும் மான்களில் ஒன்று நடுவீதியில் படுத்துக்கொண்டு எழும்ப மாட்டேன் என்றது. ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்துக் களைத்துப்போனார். என்னைத் திரும்பிப் போகச்சொல்லி அந்த மான் செய்த உபகாரம் அது என்று இப்போது தோன்றுகிறது.

மண்டப வாசலில் அதிபர் ரீவியைப் பார்த்தார், அன்ரியைப் பார்த்தார், உணர்ச்சிவசப்பட்டார். நேராக மைக்குக்குப் போனார்.

"இந்தத் தொலைக்காட்சிப் பெட்டியின் சொந்தக்காரரே முதல் பிரதியைப் பெற்றுக்கொள்வார்!"

கைதட்டல். பஸ்லியா என் கையைக் கிள்ளினாள். "சுபா, நான் ஓடப்போறன்."

"மைக் வயர் தடக்கி விழுவாய். நில்லு."

அன்ரி மேடைக் கதிரையில் இருந்தார். கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். முதலாம் பக்கம். இரண்டாம் பக்கம். அதற்குள் பின்னால் திரையில் பக்கங்கள் பெரிதாக ஓடத் தொடங்கின. (அந்த ஏற்பாடும் என்னுடையதுதான்.) அணைப்பரக்கியின் மூக்கு சுவர் உயரத்துக்கு வந்து நின்றது. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் கதிரையில் ஏறி, "அம்மா! இது அந்த அன்ரி!" என்று கத்தினாள். மண்டபம் வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது இன்னும் மோசமாக இருந்தது.

அன்ரி சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. முப்பத்திரண்டு பக்கத்தையும் வாசித்து முடித்தார். பிறகு படலைப் படத்துக்குத் திரும்பி வந்து, அதில் விரலை வைத்தார்.

"இது நான் உங்களைக் கலைச்சுத் துரத்திறதோ?"

"ஓம் அன்ரி... சும்மா பகிடிக்கு..."

"ஆறு மணிக்கு ஊரடங்கு, பிள்ளை. நீங்கள் ஏழு பேர். பஸ்லியா ஆமிச் சென்றியைத் தாண்டிப் போகவேணும். நான் நிப்பாட்டாட்டி நீங்கள் எழும்பமாட்டியள். பட்டரியெல்லாம் இருந்தது." விரலைப் படத்தின் நீண்ட கைகளுக்கு நகர்த்தி, "இது கலைச்சதில்லை. கெதியாப் போங்கோ எண்டு கை காட்டினது. பஸ்லியாவின்ட உம்மா படலையைத் திறந்து பிள்ளையை உள்ளுக்கு எடுக்குமட்டும் நான் அதிலதான் நிண்டனான்" என்றார்.

ஊரடங்கு எங்களுக்குத் தெரியாததல்ல. அந்த இராணுவக் காவலரணும் தெரியும். அவற்றையும் ரீவி நின்றதையும் இருபத்தைந்து வருடத்தில் ஒரு தரம்கூட நாங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை.

பஸ்லியா மேடையிலேயே அழுதாள். நான் அழவில்லை. அதைவிடக் கேவலமாக, மைக்கைப் பிடித்து, "இது முழுக்க முழுக்கக் கற்பனைப் பாத்திரம்" என்று அறிவித்தேன். அன்ரி தன் கன்னத்து மச்சத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

திரும்பிப் போகும்போது ஓட்டோவில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்தக் கடைசிப் பத்து நிமிசத்தில என்னதான் நடந்தது? நானும் பாக்கேல்லை. படலையில எல்லோ நிண்டனான்."

எங்களுக்கும் தெரியாது. எங்கள் கதை அணைப்பரக்கியைக் கயிற்றால் கட்டிப்போட்டதோடு முடிந்திருந்தது.

அடுத்த நாளே பிரதிகளைத் தேடிப் புறப்பட்டேன். அகப்பட்டது பாதிதான், மற்றவை யார் கைக்குப் போயின என்றே தெரியவில்லை. பிறகு மூன்று மாதம் இருந்து புதிதாகக் கீறினேன். அதில் அன்ரிதான் வீராங்கனை. மூக்கு அளவாக இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறுதலாக ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"இதில நான் வடிவாத்தான் இருக்கிறன்" என்றார். "ஆனா சனம் பாத்தது மற்றதை எல்லோ."

தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இன்றைக்கு எங்கள் வீட்டில் நான் பென்சிலைத் தொட்டால் போதும், கணவர் தொடக்கம் மூன்றாம் வகுப்பு மகள் வரை எல்லோரும் கையால் மூக்கை மூடிக்கொள்வார்கள். கலியாண வீடுகளில் சொந்தக்காரர்களும் இதைப் பழகிவிட்டார்கள். போன மாதம் மகளின் பிறந்தநாளுக்கு அன்ரியும் வந்திருந்தார். பரிசுப் பெட்டியொன்றில் பெயர் எழுத நான் பேனாவை எடுத்தேன். முதலில் மூக்கை மூடியவர் அவர்தான். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அவருடைய கை பாதி முகத்தை மறைத்திருந்தது. அதற்குப் பின்னால் அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.