வால்வீட்டுக் கதவும் உள்ளே மெஸ்யேயும்

கதவை உள்ளே இருந்து மட்டுமே பழுதுபார்க்கும் தச்சர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் புதுச்சேரியில், உப்பளத்தில், எங்கள் தெருவில் குடியிருந்தார். ஐயா என்று சொல்லவேண்டிய இடத்தில் மெஸ்யே என்று சொல்லிப் பழகிய ஊர் எங்களுடையது. ஆகவே அவர் உள்ளே மெஸ்யே. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

"கதவு யாருக்குக் காவலு? உள்ள இருக்கறவனுக்கு. அவன் பக்கத்துலேர்ந்து பாக்காம இன்னாத்த ரிப்பேரு பண்றது?" என்பார்.

ஒரு மதாம் வீட்டு அலமாரிக்குள் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். கவுன் எடுக்கத் திறந்த அந்த வெள்ளைக்கார அம்மாள், கவுன்களுக்கு நடுவே இட்லி சாப்பிடும் ஆளைப் பார்த்துப் போட்ட சத்தத்தில், கப்பல் வந்துவிட்டதென்று துறைமுகக் கூலிகள் ஓடினார்களாம்.

மாதா கோயிலில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனக் கூண்டின் கதவைச் சரிசெய்யப் போனது அதைவிட மோசம். சாமியார்தான் உள்ளே இருக்கிறார் என்று நம்பி, ஒரு அம்மாள் வெளியே முழங்கால் போட்டுவிட்டாள்.

"சாமி, பக்கத்து வூட்டுக் கோழிய எடுத்துட்டேன்."

"திருப்பிக் குடுத்துடும்மா."

"அது கொழம்பாயிடுச்சு சாமி."

"அப்பக் கொழம்பக் குடு."

சாமியார் ஒரு மாதம் அவரைக் கோயில் வாசலில் அண்டவிடவில்லை. பக்கத்து வீட்டுக்குக் குழம்பு மட்டும் போய்ச் சேர்ந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. ஊர் திரும்பிய ஒரு அதிகாரி, மோட்டாருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் தகர வீடு ஒன்றை என் முதலாளிக்கு விற்றுவிட்டுப் போனார். ஒரு ஜன்னல், பின்பக்கம் சாமான் ஏற்ற அகலமான ஒரு கதவு, அவ்வளவுதான். நாங்கள் அதற்கு வால்வீடு என்று பெயர் வைத்தோம்.

அந்த வருஷம் என் மகள் டைபாய்டில் பிழைத்தெழுந்தாள். வீராம்பட்டினத்து அம்மனுக்கு ஆடித் தேரன்று கூழ் ஊற்றுவதாக என் மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். விரதமிருப்பவர் கையால், தேர் நகருமுன் முதல் கரண்டி விழவேண்டும். மாட்டுவண்டிகளை எல்லாம் ஊரார் முன்னமே பேசிவிட்டதால் முதலாளி ஜீப்பையும் வால்வீட்டையும் கொடுத்தார். புண்ணியவான். ஆனால் சாமான் கதவின் சட்டம் உளுத்து, தகரத்தை விட்டுப் பிதுங்கி, தொட்டால் ஆடியது.

மெஸ்யேவுக்கு ஆள் அனுப்பினேன். வந்தார், உள்ளே ஏறினார். உளுத்த கட்டையைச் செதுக்கி எறிந்துவிட்டுத் தேக்குத் துண்டு வைத்தார். இரும்புப் பட்டை கொடுத்துத் திருகாணியை முடுக்கினார். சட்டம் மலை மாதிரி நின்றது. அத்தோடு விட்டிருக்கலாம்.

"அண்ணே, கூழுல புழுதி படக்கூடாது" என்றாள் என் மனைவி.

"புழுதியா? கடலே வந்தாலும் உள்ள வராது தங்கச்சி."

திருவிழா அன்று விடியற்காலை, நாங்கள் கூழ் அண்டாக்களை ஏற்றிக்கொண்டிருக்க, படகுக்குப் பூசுவது போல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி சட்டத்தின் இடுக்கெல்லாம் பூசினார். சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க, சூட்டோடு சூடாக உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"ஒதைங்க மெஸ்யே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

உதைத்தேன். கதவு அசையவில்லை.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். இப்பத் தொறங்க."

உள்ளே தோளால் கதவை முட்டும் சத்தம் கேட்டது.

"அதான் வர மாட்டேங்குது" என்றார்.

ஜன்னலில் மனிதர் நுழையமாட்டார், அண்டாவும் நுழையாது. கோடரி எடுத்தால் மறுபடி யார் கதவு போடுவது? தேரோ காத்திருக்காது. என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழாத தங்கச்சி. உன் வூட்டுக்காரர வண்டிய எடுக்கச் சொல்லு. பள்ளம் வந்தா கொரல் குடுங்க, அண்டாவக் கட்டிப் புடிச்சிக்கறேன்."

அப்படியே புறப்பட்டோம். வழிநெடுக ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ளேயிருந்து "மாதாவே" என்றது வால்வீடு.

வீராம்பட்டினத்தில் தேர் வடத்தில் கைவைத்துவிட்டார்கள். என் மனைவி ஜன்னலடிக்கு ஓடினாள்.

"அண்ணே, காலையில எதனா சாப்டீங்களா?"

"குங்கிலியம் காச்சற அவசரத்துல பச்சத் தண்ணிகூடப் பல்லுல படல."

"அப்ப நீங்களும் விரதந்தான். அம்மா பேரச் சொல்லி ஊத்துங்க."

ஜன்னல் வழியாக ஒரு கை கரண்டியோடு நீண்டது. முதல் கரண்டி என் மகள் பிடித்த செம்பில் விழுந்தது. அதற்கப்புறம்தான் தேர் அசைந்தது. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஜனம் ஜன்னலடியில் வரிசை கட்டிவிட்டது.

"இன்னாய்யா, கூழு ஊத்தறவரு கழுத்துல சிலுவ தொங்குது?" என்றான் ஒருவன்.

"கூழு நல்லாருக்குதா?" என்றார் மெஸ்யே.

"இருக்குது."

"அப்பச் செம்ப நீட்டு."

மதியத்துக்குள் படகு வேலை தெரிந்த மீனவர்கள் இரும்பைக் காய்ச்சி வந்து, குங்கிலியத்தை இளக்கிக் கதவைத் திறந்துவிட்டார்கள். இறங்கச் சொன்னோம்.

"அண்டாவுல இன்னும் இருக்குது. கதவச் சாத்துங்க, புழுதி படும்" என்றார்.

மறுவருஷம் கதவு நன்றாகத் திறந்து மூடியது. இருந்தும் என் மனைவி அவரைக் கூப்பிட்டனுப்பினாள். பட்டினியோடு வந்தார், ஏறினார், சாத்திக்கொண்டார். அவர் இருந்தவரைக்கும் ஆடிதோறும் அப்படித்தான்.

இப்போது வால்வீடும் இல்லை, அவரும் இல்லை. ஆடியில் எங்கள் வீட்டு வாசலிலேயே கூழ் ஊற்றுகிறோம். வாசல் கதவு விரியத் திறந்துதான் இருக்கும். முதல் கரண்டியை மட்டும் என் மனைவி உள்ளே போய், ஜன்னல் வழியாகத்தான் ஊற்றுவாள்.